இரண்டும் 1:12.000, ஆனால் என் கணக்கில் 0.067 நொடி வித்தியாசம்: ஃபிரேம் எண்ணி லேப்களை ஒப்பிடுவதில் எங்கே தவறினேன்?

மஞ்சள்கொடி (கேள்வி)

2024-இல் மான்ட்ரியலில் நடந்த கனடா கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஜார்ஜ் ரஸ்ஸலும் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனும் 1:12.000 என்ற ஒரே நேரத்தைப் பதிவு செய்ததும், அந்த நேரத்தை முதலில் எட்டியவர் என்பதால் ரஸ்ஸலுக்கு 'போல்' எனப்படும் முதல் தொடக்க இடம் கிடைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிவரை சமமாக முடிந்த இரண்டு லேப்கள் (களத்தின் முழுச் சுற்றுகள்) வழியில் எங்கே பிரிந்து எங்கே மறுபடியும் சேர்ந்தன என்பதை, கார்களின் மேலிருந்து எடுக்கப்பட்ட காணொளிகளைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி இரண்டு நாள்களை அதிலேயே செலவிட்டேன். எனக்குக் கிடைத்திருக்கும் விடை தவறானது என்பது உறுதியாகத் தெரிகிறது. ஏன் தவறானது என்பதுதான் விளங்கவில்லை.

நான் செய்தது இதுதான். விஎல்சி என்ற காணொளி இயக்கியில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கார் தொடக்கக் கோட்டைக் கடக்கும் ஃபிரேமிலிருந்து அதே கோட்டை மறுபடியும் கடக்கும் ஃபிரேம்வரை எண்ணினேன். முதல் காணொளி நொடிக்கு 25 ஃபிரேம் கொண்டது. 1800 ஃபிரேம்கள் வந்தன, வகுத்தால் 72.000 நொடி. மனம் குளிர்ந்துவிட்டது. இரண்டாவது காணொளி வேறொரு நாட்டின் ஒளிபரப்பிலிருந்து வந்தது. கோப்பின் விவரத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று போட்டிருந்தது. அதில் 2158 ஃபிரேம்கள் வந்தன, வகுத்தால் 71.933 நொடி. சமமாக முடிந்த லேப்களுக்கு இடையே 0.067 நொடி எங்கிருந்து முளைத்தது? மூன்று முறை திரும்ப எண்ணியும் ஒரு ஃபிரேமுக்கு மேல் மாறவில்லை.

இதைவிட வியப்பானது, அந்த வித்தியாசம் ஏதோ ஒரு வளைவில் தோன்றவில்லை என்பது. நான் குறித்த 16 இடங்களிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போகிறது; பாதி லேப் முடியும்போது ஏறக்குறைய பாதி வித்தியாசம். ஒருவர் எல்லா இடத்திலும் இம்மியளவு வேகமாக இருந்தார் என்று எழுதிவிடத் துணிந்த நேரத்தில்தான் அதிகாரப்பூர்வ நேரம் நினைவுக்கு வந்தது.

கூடவே இரண்டு ஐயங்கள். வளைவுகளில் காரானது உள்முனையை, அதாவது வளைவின் உட்புற ஓரத்தை, தொடும் கணத்தையே அளவிடும் புள்ளியாக வைத்துக்கொண்டேன், அது சரியா? இரண்டு காணொளிகளையும் அருகருகே ஓடவிட்டால் நேர்ப்பாதையில் இடைவெளி விரிவதும் வளைவில் சுருங்குவதுமாகத் தெரிகிறது. இதை வைத்து ஒரு கார் நேர்ப்பாதையில் வேகமானது என்று சொல்லலாமா?

ஆறாம்கியர்

நீங்கள் எண்ணியதில் தவறில்லை, வகுத்ததில்தான் தவறு. கோப்பின் விவரத்தில் 30 என்று எழுதியிருந்தாலும், அமெரிக்க ஒளிபரப்பு முறையைப் பின்பற்றும் காணொளிகள் பெரும்பாலும் நொடிக்கு 29.97 ஃபிரேம் கொண்டவை. துல்லியமாகச் சொன்னால் 30000-ஐ 1001-ஆல் வகுத்தால் வரும் எண். 1953-இல் அங்கே வண்ணத் தொலைக்காட்சி முறையை வகுத்தபோது, நிறத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் ஒன்றோடொன்று மோதிப் படத்தில் கோலமிடாமல் இருப்பதற்காக ஃபிரேம் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அன்று யாரோ வானொலி அலைகளுக்காகச் செய்த சமரசம், இன்று உங்கள் லேப் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 72 நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.072 நொடி. 2158-ஐ 29.97-ஆல் வகுத்துப் பாருங்கள், 72.005 வரும், மிச்சமிருக்கும் 0.005 நொடி ஒரு ஃபிரேமில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

வித்தியாசம் சீராக வளர்ந்தது என்று நீங்கள் சொன்ன இடத்திலேயே விடை இருந்தது. வளைவு, நேர்ப்பாதை, பிரேக் என்ற எதையும் பாராமல் ஒரே விகிதத்தில் முன்னேறும் ஓட்டுநர் எவரும் இல்லை. இடைவெளிக் கோடு அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் ஏறினால், அது கடிகாரத்தின் குறை என்று முதலில் ஐயப்பட வேண்டும். உண்மையான வித்தியாசம் படிக்கட்டுபோல வரும்: ஓரிடத்தில் ஏறும், நெடுந்தூரம் அசையாமல் கிடக்கும், பிறகு இறங்கும்.

கோப்பு சொல்லும் சராசரி ஃபிரேம் வேகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கணினித் திரையிலிருந்து பதிவு செய்த காணொளிகளில் ஃபிரேம்களுக்கு இடையேயான நேரம் நிலையாக இருக்காது. அவற்றில் எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கோப்புக்குள் பதிந்திருக்கும் நேரமுத்திரையை எஃப்எஃப்புரோப் போன்ற கருவியால் எடுத்துக்கொள்வதே சரி. நொடிக்கு 50 ஃபிரேமாக எடுத்ததை 60 ஆக மாற்றியிருந்தால் சில ஃபிரேம்கள் இரட்டையாக இருக்கும். ஒவ்வொன்றாக நகர்த்தும்போது சாலை ஒரு கணம் உறைந்து நின்றால் அதுதான் அடையாளம்.

இனி, எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் மிஞ்சும் பிழையைப் பார்ப்போம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 40 மில்லி நொடி. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் கார் அந்த நேரத்தில் 3.3 மீட்டர் கடந்துவிடும். கோட்டைத் தாண்டிய கணம் அந்த 3.3 மீட்டருக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. தொடக்கம், முடிவு என இரண்டு கணங்களைக் கழிக்கும்போது இப்பிழையின் வழக்கமான அளவு 40-ஐ 6-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 16 மில்லி நொடி. உங்கள் இரண்டாவது காணொளிக்கு 14. இரண்டு ஓட்டுநர்களையும் ஒப்பிடும்போது இவை கூடிச் சுமார் 21 மில்லி நொடி ஆகும். ஆகவே 40 மில்லி நொடிக்குக் குறைவான எந்த வித்தியாசத்தையும் இந்த இரண்டு காணொளிகளை வைத்து நான் பேசமாட்டேன். 2025-இல் ஜப்பானின் சுசூகா களத்தில் தகுதிச் சுற்றை வெர்ஸ்டாப்பன் 1:26.983, நோரிஸ் 1:26.995 என்று முடித்தார்கள், அந்த 0.012 நொடி எந்த வளைவில் பிறந்தது என்பதை ஃபிரேம் எண்ணிக் காட்டுவதாக ஒருவர் சொன்னால், அவர் காட்டுவது தன் காணொளியின் ஃபிரேம் இடைவெளியைத்தான்.

அருகருகே ஓடவிடும்போது தெரியும் விரிதலும் சுருங்குதலும் கண்ணின் மயக்கம். முன்னால் செல்பவர் 0.1 நொடி முந்தியிருக்கிறார், அது மாறவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் அந்த 0.1 நொடி 8.9 மீட்டர், கொண்டை ஊசி வளைவில் 70 கி.மீ. வேகத்தில் அதே 0.1 நொடி 1.9 மீட்டர்தான். நேர இடைவெளி அப்படியே இருக்க, தூர இடைவெளி மட்டும் நீண்டு குறுகுகிறது. ஆகவே ஒரே கணத்தில் இரண்டு கார்கள் எங்கே இருந்தன என்று பார்க்காதீர்கள்; ஒரே இடத்தை எந்தெந்தக் கணத்தில் கடந்தன என்று பாருங்கள்.

உள்முனை

கடிகாரத்தைப் பற்றி ஆறாம்கியர் சொன்னதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் பெயரே உள்முனை என்றாலும், வளைவின் உள்முனையில் அளவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

முதற்காரணம், அது ஒரே இடம் அன்று. ஒருவர் உள்முனையைச் சீக்கிரம் தொடுவார், மற்றவர் தாமதமாக நறுக்கித் திரும்புவார். இருவரும் கெர்ப்பை (சாலையோர விளிம்புக் கட்டையை) தொட்ட இடங்களுக்கு இடையே சில மீட்டர் இருக்கலாம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது, பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பதும் அதைத்தான். மெதுவாகச் செல்லும் இடத்தில் கார் தெளிவாகத் தெரிகிறது, எனவே அங்கே அளவிடுவது துல்லியம் என்று தோன்றும். ஆனால் கேமராவின் சாய்வாலோ பார்வைக் கோணத்தாலோ இடத்தைக் குறிப்பதில் அரை மீட்டர் தவறு நேர்ந்தால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது 22 மில்லி நொடி, 300 கி.மீ. வேகத்தில் 6 மில்லி நொடிதான். ஃபிரேமால் வரும் பிழை எந்த வேகத்திலும் அதே 40 மில்லி நொடிக்குள் கிடக்க, இடப்பிழை மட்டும் வேகம் கூடக்கூட நேரக் கணக்கில் கரைந்துபோகிறது. எனவே புள்ளிகளை நேர்ப்பாதைகளில் வையுங்கள்: பிரேக் பிடிக்கும் இடத்துக்கு முன்னால் ஒன்று, வளைவிலிருந்து வெளியேறிக் கார் நேரான பிறகு ஒன்று. வளைவில் நடந்தது முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவே அடங்கிவிடும்.

மரத்தின் நிழலையோ பாலத்தின் நிழலையோ புள்ளியாக வைக்காதீர்கள். இரண்டு லேப்களுக்கும் இடையே பத்து நிமிடம் கழிந்திருந்தாலே நிழல் நகர்ந்துவிடும். தூரப் பலகை, மதிலின் இணைப்பு, சாலையில் பழைய தாரும் புதிய தாரும் சேரும் கோடு ஆகியவை நல்லவை.

ஃபிரேமுக்கு உள்ளேயும் நுழைய ஒரு வழி உண்டு. எதிரே வரும் பலகையின் அகலத்தைப் படப்புள்ளிகளில் அளந்துகொள்ளுங்கள். ஒரு ஃபிரேமில் 40, அடுத்ததில் 50, அதற்கடுத்ததில் 66 அல்லது 67 என்று வந்தால், அகலம் ஏறும் முறை ஒழுங்கற்றதுபோல் தெரியும். தலைகீழ் எண்ணை, அதாவது 1-ஐ அகலத்தால் வகுத்தால் வருவதை, பாருங்கள்: 0.025, 0.020, 0.015. ஒரு பொருளின் தோற்ற அளவு தொலைவுக்கு நேர்மாறானது என்பதால், இந்தத் தலைகீழ் எண் தொலைவோடு சேர்ந்து சீராகக் குறைகிறது. இனி 'பலகை 60 புள்ளி அகலமாகத் தெரியும் கணம்' என்று வரையறுத்தால், 60-இன் தலைகீழ் எண் 0.0167, அது 0.020-க்கும் 0.015-க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் இருக்கிறது. ஆகவே 50 புள்ளி தெரிந்த ஃபிரேமுக்கு 27 மில்லி நொடி கழித்து அந்தக் கணம் வந்தது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு காணொளிகளிலும் ஒரே கோணமும் ஒரே பெரிதாக்கலும் இருக்க வேண்டும். பலகை படத்தின் நடுப்பகுதியில் இருக்கும்போதே அளக்க வேண்டும், ஏனெனில் அகன்ற கோண வில்லைகள் ஓரங்களை இழுத்துவிடும். ஓட்டுநரின் தலைக்குப் பின்னே எஞ்சினுக்குக் காற்று புகும் துளைக்கு மேலே உள்ள கேமராவையும் தலைக்கவசக் கேமராவையும் ஒப்பிட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் வீண் வேலை.

கிடைத்த வித்தியாசத்தை எந்த இடத்தின் கணக்கில் எழுதுவது என்பதிலும் நிதானம் தேவை. ஒரு ஓட்டுநர் வளைவிலிருந்து வெளியேறும்போது மணிக்கு 3 கி.மீ. கூடுதல் வேகம் பெற்று, அதை அடுத்த 500 மீட்டருக்கு, மற்றவரின் 250-க்கு எதிராக 253 என்ற சராசரியில் தக்கவைத்துக்கொண்டால், லாபம் 0.085 நொடி. அட்டவணையில் அது நேர்ப்பாதையில் கிடைத்ததாகத் தெரியும். சம்பாதித்த இடமோ வளைவு. அதே அளவு லாபம் முன்னால் சென்ற காரின் காற்று மறைவாலும் வரலாம். காணொளியில் தொலைவில் வேறொரு கார் தெரிகிறதா என்று பார்க்காமல் எந்த ஓட்டுநருக்கும் பாராட்டுப் பத்திரம் எழுத வேண்டாம்.

மஞ்சள்கொடி

இருவருக்கும் நன்றி. 29.97-ஆல் வகுத்தவுடன் சாய்கோடு படுத்துவிட்டது. லேப்பைப் பிரிக்கும் மூன்று செக்டார்களின் (பகுதிகளின்) கூட்டுத்தொகையும் இப்போது அதிகாரப்பூர்வ நேரங்களோடு ஒரு ஃபிரேமுக்குள் ஒத்துப்போகிறது. புள்ளிகளையும் நேர்ப்பாதைகளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி எழுகிறது. காணொளியின் மீது வேகமும் கியர் எண்ணும் காட்டப்படுகின்றனவே, ஃபிரேமை எண்ணுவதை விட்டுவிட்டு அந்த வேக எண்களையே எடுத்துக் கணக்கிட்டால் துல்லியம் கூடாதா? ஃபாஸ்ட்எஃப்1 என்ற பைதான் நிரல் நூலகத்தில் டெலிமெட்ரி (காரின் உணரிகள் அனுப்பும் தரவு) கிடைக்கிறது என்கிறார்கள். அப்படியானால் காணொளிக்கு வேலையே இல்லையா?

பழையநாடா

திரையில் தெரியும் வேக எண் படத்தோடு ஒட்டிப் பிறந்ததில்லை. வேறு வழியாக வந்து படத்தின் மேல் ஒட்டப்படுகிறது. எவ்வளவு தாமதம் என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு: கியர் மாறும் ஒலி கேட்கும் கணத்தையும் திரையில் கியர் எண் மாறும் ஃபிரேமையும் ஒப்பிடுங்கள். ஒரே காணொளிக்குள்ளேயே அந்தத் தாமதம் ஒரு கியருக்கு ஒன்று, அடுத்ததற்கு இன்னொன்று என்று தள்ளாடுமானால், அந்த எண்களை வைத்து நேரம் கணக்கிட முடியாது என்று பொருள்.

ஃபாஸ்ட்எஃப்1 மிகப் பயனுள்ளது. 2018 முதல் உள்ள பந்தயங்களுக்கு வேகமும் ஆக்சிலரேட்டர் அளவும் அதில் கிடைக்கின்றன. ஆனால் அந்தத் தரவு நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை மட்டுமே வருகிறது. 300 கி.மீ. வேகத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 20 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பிரேக்கோ, மிதித்தார் அல்லது மிதிக்கவில்லை என்ற அளவில்தான் பதிவாகிறது. வரைபடத்தில் வழவழப்பான கோடாகத் தெரிவது நடுவில் இட்டு நிரப்பியதால் வந்த வழவழப்பு. அதைக் காட்டி, இவர் அவரைவிட 5 மீட்டர் தாமதமாகப் பிரேக் பிடித்தார் என்று எழுதுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டித் தூரம் கண்டுபிடிக்கும்போது சிறு பிழைகள் வழிநெடுகச் சேர்ந்துகொண்டே போகும் என்பது தனிக் கதை.

எல்லோரும் மறந்துவிடுவது காதை. ஒளிக்கு நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம். அதே கோப்பில் ஒலிக்கோ நொடிக்கு 48,000 மாதிரிகள். காரின் மேலேயே பதிவான எஞ்சின் ஒலியை அலைவரிசைப் படமாக மாற்றிப் பாருங்கள்: ஒவ்வொரு கியர் மாற்றமும் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்; ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்த கணமும் சில மில்லி நொடித் துல்லியத்தில் தெரியும். படத்துக்கும் ஒலிக்கும் இடையே நிலையான தாமதம் இருந்தாலும் கவலையில்லை. ஒலிக்குள்ளேயே கழித்தால் அது அடிபட்டுப்போகும். சுருதியோ நேரடியாகச் சுழற்சி வேகத்தைச் சொல்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும் என்பதால், ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 முறை சுழன்றால் 600 ஹெர்ட்ஸ். பத்து சிலிண்டர் எஞ்சின் 15,000 முறை சுழன்றால் 1250 ஹெர்ட்ஸ். ஒரே கியரில் ஒருவருக்கு 600, மற்றவருக்கு 594 என்று வந்தால் வேகத்தில் ஒரு விழுக்காடு வித்தியாசம், 300 கி.மீ. வேகத்தில் அது 3 கி.மீ. ஆனால் இது ஒரே அணியின் இரண்டு கார்களுக்குத்தான் பொருந்தும். கியர் விகிதம் வேறானால் சுருதி ஒப்பீடு பொருளற்றது. ரஸ்ஸல், வெர்ஸ்டாப்பன் இருவருக்கும் ஒலியிலிருந்து நேரத்தை மட்டும் எடுங்கள், வேகத்தை எடுக்காதீர்கள்.

உங்களுக்கு இந்த வேலை பிடித்திருந்தால் அடுத்து 1997-இல் ஸ்பெயினின் ஹெரேஸில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீக்குப் போங்கள். தகுதிச் சுற்றில் ஜாக் வில்நெவ், மைக்கேல் ஷூமேக்கர், ஹைன்ஸ்-ஹெரால்ட் ஃப்ரென்ட்சன் மூவரும் 1:21.072. நான்காவதாக வந்த டேமன் ஹில்கூட 0.058 நொடிதான் பின்னால். வில்நெவும் ஃப்ரென்ட்சனும் ஒரே வில்லியம்ஸ் அணி என்பதால் மேற்சொன்ன சுருதி முறையைக் கையாளலாம். அக்காலத்து ஐரோப்பிய ஒளிபரப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் 20 மில்லி நொடி தள்ளியும் எடுக்கப்பட்டவை. இணையத்தில் ஏற்றும்போது பலர் இரண்டையும் குழைத்து 25 ஃபிரேமாக்கிவிடுகிறார்கள். பழைய நாடாவிலிருந்து நேரடியாக எடுத்த கோப்பு கிடைத்தால், பாதிகளைப் பிரித்து நொடிக்கு 50 படங்களாக ஆக்கிக்கொள்ளுங்கள். இடையில் இழந்த பாதித் தகவல் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

உள்முனை

பழையநாடா ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். இன்றைய கார்களில் கியர் விகிதங்களை ஒரு பருவம் முழுவதற்கும் முன்கூட்டியே நிலைப்படுத்திவிட வேண்டும். 2014 முதல் இதுதான் விதி. 1997-இல் அப்படியில்லை. ஒவ்வொரு களத்துக்கும், ஒவ்வொரு ஓட்டுநரின் விருப்பத்துக்கும் ஏற்ப விகிதங்களை மாற்றிக்கொண்டார்கள். வில்நெவும் ஃப்ரென்ட்சனும் ஒரே அணி என்பதாலேயே இருவர் காரிலும் ஒரே விகிதங்கள் இருந்தன என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் அதையும் ஒலியே ஓரளவு சொல்லிவிடும். கியர் மாறும் அந்தக் கணத்தில் காரின் வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சுருதிகளின் விகிதம், அடுத்தடுத்த இரண்டு கியர்களின் விகிதமே. மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஆறு என்று ஒவ்வொன்றையும் இரு கார்களுக்கும் எழுதிப் பாருங்கள். எல்லாப் படிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் சுருதியை வேகமாக மாற்றிக்கொள்ளத் துணியலாம். ஒரு படி பிசகினாலும் அந்தக் கியரிலிருந்து மேலே உள்ள ஒப்பீட்டைக் கைவிட்டுவிட்டு, ஃபிரேம்களுக்கும் பலகையின் அகலத்துக்கும் திரும்பிவிடுங்கள்.

மஞ்சள்கொடி

அப்படியே செய்கிறேன். முதலில் மான்ட்ரியலை முடித்துவிடுகிறேன்: கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியேறிய பிறகு ஒரு புள்ளி, கடைசி சிக்கேனுக்கு (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகளுக்கு) பிரேக் பிடிக்கும் முன் ஒரு பலகை, இரண்டுக்கும் நடுவே கியர் மாறும் ஒலிகள். ஹெரேஸின் பழைய நாடாப் பதிவு எவரிடமாவது பாதிகள் குழையாமல் இருந்தால் தெரியப்படுத்துங்கள்.